எலும்புக்குப் போட்ட மருந்து

அந்த மருந்து பார்ப்பதற்குத் தண்ணீர் போலத்தான் இருந்தது. சின்ன பாட்டில். கையில் ஊசி குத்தித் தொங்கவிட்டால் கால் மணி நேரத்தில் இறங்கி முடிந்துவிடும். கீமோ மருந்தைப் போலச் சிவப்பாக இல்லை, ஏறும்போது குமட்டவில்லை, முடி கொட்டாது என்றும் சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்களில் காலையிலிருந்து மாலை வரை படுத்துக் கிடந்தவர்களைப் பார்க்க எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

புற்றுநோய்க்காக மார்பை எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த வருடம் அது. முதுகு வலி என்று போனேன். ஸ்கேனில் முதுகெலும்பில் இரண்டு இடத்திலும் இடது இடுப்பிலும் கருப்பாகத் தெரிந்தது. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

"நோய் இப்ப எலும்புல வந்து உட்கார்ந்திருக்கு" என்றார் டாக்டர். "மாத்திரையால அதைக் கட்டுக்குள்ள வச்சுக்கலாம். ஆனா எலும்பு உளுத்துப் போகும். சும்மா குனிஞ்சு ஒரு குடத்தைத் தூக்கினாலே உடையலாம். அது உடையாம இருக்கத்தான் மாசம் ஒரு தடவை இந்த டிரிப்."

என்னோடு அக்கா வந்திருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் மட்டும் கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவாள்.

"உளுத்துப் போவுதுன்னா, படகுப் பலகை மாரியா டாக்டர்?"

"ஆமாம்மா, அப்படித்தான்."

"அப்போ இது அதுக்கு அடிக்கிற தாரு மாரி."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கும் அது நன்றாகப் புரிந்தது.

அன்று மாலையே காய்ச்சல் வந்தது. நர்ஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தார், லேசாக இருக்கும் என்று. பஸ் ராயபுரம் தாண்டும்போது முதுகில் ஒரு குளிர் இறங்கியது. வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டன. என் வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் ஏழெட்டு நாள் கழித்துத்தான் கரை. அதனால் அக்காதான் வீட்டிலிருந்த போர்வை, சேலை, அவருடைய லுங்கி எல்லாவற்றையும் என்மேல் போட்டு அதற்குமேல் தானும் சாய்ந்து படுத்தாள். அப்படியும் கட்டில் ஆடியது. உடம்பில் இருக்கும் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கலாம். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வலி கோடு போட்டுக் காட்டியது. கண் இமைக்கு உள்ளேகூட வலித்தது.

"இன்னா மருந்துடி இது. எலும்பைக் கெட்டியாக்குறேன்னுட்டு ஒடைக்குதே" என்றாள் அக்கா.

தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து அவள் வார்டுக்குப் பேசினாள். முதல் தடவை அப்படித்தான் இருக்கும், ஜுர மாத்திரை கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், மூன்றாம் நாள் போய்விடும் என்றார்கள். மூன்றாம் நாள் போயும்விட்டது. ஆனால் அந்தக் குளிர் எனக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போனது. தண்ணீர் போலத் தெரிந்த அந்த மருந்து உடம்பின் அடிவரைக்கும் போயிருக்கிறது, இனி வெளியே வராது. டாக்டரிடம் கேட்டபோது அவரும் அப்படித்தான் சொன்னார். எலும்புக்குள் போனது வருடக்கணக்கில் அங்கேயே இருக்குமாம். நல்லதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த மாதங்களில் அதை எப்படித் தாங்குவது என்று கற்றுக்கொண்டேன். டிரிப் போடுவதற்கு முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பேன். ஊசி குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஜுர மாத்திரை. அதை வெள்ளிக்கிழமையில் வைத்துக்கொண்டால் சனி, ஞாயிறு படுத்துக் கிடந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம். மூன்றாவது மாதம் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது, விரல்கள் இழுத்துக்கொண்டன. இரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். சுண்ணாம்புக் கட்டி போல இருக்கும் அந்த மாத்திரையை இன்றைக்கும் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். குப்பத்தில் பிறந்து பிளஸ் டூ முடித்து, டைப்பும் ஆபரேட்டர் வேலையும் கற்றுக்கொண்டு அங்கே போய்ப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. முகத்தைப் பார்க்காதவர்களுக்கும் என் குரல் தெரியும். வெளியூரிலிருந்து பேசுகிறவர்கள் "குட் மார்னிங்" என்று நான் சொன்னதுமே பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த வருடங்களில் தானாகவே பேசி லைன் கொடுக்கும் மெஷின் வரப்போகிறது என்ற பேச்சு இருந்தது. பேக்கிங் பிரிவில் காசநோய் வந்த ஒருவரை உடம்பு தேறியதும் வாருங்கள் என்று அனுப்பி, பிறகு கூப்பிடவே இல்லை. அதனால் மார்பு ஆபரேஷனையே நான் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவுக்கு, வடிவுடையம்மன் கோயிலில் வேண்டுதல் என்று சொன்னேன்.

பொய் சொன்னால் அதற்குச் சாட்சியும் வேண்டும். திங்கட்கிழமை எல்லோரும் குங்குமம் கேட்டார்கள். அதனால் டிரிப் முடிந்து திரும்பும்போது, காய்ச்சல் முதுகில் ஏற ஆரம்பிக்கும் நேரத்தில், திருவொற்றியூரில் இறங்கிக் கோயிலுக்குள் போவேன். கும்பிட மாட்டேன். பயமாக இருக்கும். அர்ச்சகர் கொடுக்கும் குங்குமத்தைத் தாளில் மடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்துவிடுவேன். பேக்கிங் பிரிவில் ஒரு அம்மா, "உன் கையால வாங்கினதும்தான் என் பொண்ணுக்கு இடம் அமைஞ்சுது" என்று சொல்லி அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. முதுகு வலி குறைந்திருந்தது. ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது என்று சொன்னார்கள், அக்கா தூக்கித் தந்தாள். அந்த மருந்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்த சமயத்தில்தான் பல் ஆடியது.

கீழ்வரிசையில் இடதுபக்கம், கடைவாய்ப்பல். முதலில் கூச்சம், பிறகு வலி, பிறகு கன்னம் வீங்கி ஒருநாள் முழுக்க லைனில் பேச முடியாமல் போனது. அக்காவிடம் சொன்னேன்.

"பல்லுக்குப் போயி இன்னா இத்தினி ரோசனை. புடுங்கிப் போட்டா அப்பால நிம்மதி. ராயபுரத்துல ஒரு டாக்டரம்மா கீறாங்க, நோவே தெரியாம புடுங்குவாங்க. நான் இட்டுகினு போறேன் வா."

மாடியில் இருந்த சின்ன கிளினிக். ஜன்னல் கம்பியில் நிலக்கரித் தூசி படிந்திருந்தது, துறைமுகத்துப் பக்கம் அப்போதெல்லாம் எல்லா ஜன்னலிலும் படிந்திருக்கும். அக்கா என்னை உட்கார வைத்துவிட்டுக் கீழே ஐஸ் கம்பெனிக்காரரிடம் பேசப் போனாள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் எங்கள் ஆபீஸ் டைம்கீப்பரின் மனைவி உட்கார்ந்திருந்தார். "நீங்களா, எங்க வீட்டுல உங்களைப் பத்திப் பேசுவாரு" என்றார். சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் இளம்பெண். அறைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். அவர் கையுறை போட்டுக்கொண்டே கேட்டார்.

"சுகர் இருக்கா?"

"இல்ல."

"பிரஷர்?"

"இல்ல."

"வேற ஏதாவது நோய்க்கு மருந்து எடுத்துக்கறீங்களா? ஊசி, டிரிப், ஆபரேஷன் ஏதாவது?"

திரைக்கு அடியில் டைம்கீப்பர் மனைவியின் செருப்பு தெரிந்தது.

"இல்ல" என்றேன்.

பல் சுலபமாக வந்துவிட்டது. வேரோடு முழுசாக ஒரு தட்டில் கிடந்தது. ஒரு வாரத்தில் ஆறிவிடும், உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள் என்றார்.

ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. குழி மூடவில்லை. வலிகூடப் பெரிதாக இல்லை, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் காலையில் நாக்கு அந்த இடத்துக்குப் போனபோது சதைக்குப் பதில் சொரசொரப்பாக ஏதோ தட்டியது. பல்லின் துண்டு உள்ளே தங்கிவிட்டது என்று நினைத்தேன். நாக்கால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. அதன் விளிம்பு நாக்கின் ஓரத்தைக் கீறியது. அன்றிலிருந்து நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. போன் பேசும்போதும், பஸ்ஸில் போகும்போதும், சோறு பிசையும்போதும் தானாகவே அங்கே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வரும். ஒவ்வொரு வாரமும் அந்தச் சொரசொரப்பு கொஞ்சம் பெரிதாகிக்கொண்டிருந்தது.

பிறகு நாற்றம் வந்தது. கிராம்பு மென்றேன், ஏலக்காய் மென்றேன், கொப்பளிக்கும் மருந்து வாங்கினேன். எதற்கும் அடங்கவில்லை. போனின் வாய்ப்பகுதியைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். அதற்கடுத்து, கீழுதட்டின் இடதுபக்கமும் மோவாயும் மரத்துப் போயின. டீ குடித்தால் ஓரத்தில் வழிவது தெரியாது. "ப", "ம" என்ற எழுத்துகள் உதட்டில் சேராமல் காற்றாகப் போயின. பாய்லர் பிரிவு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது. ஒருநாள் மேனேஜர், "என்னம்மா, டூட்டி நேரத்துல வெத்தலையா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்திருந்தது. முதுகுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, இப்போது வாய்க்கு வந்துவிட்டது. அதைக் காதால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் கேட்காமல் இருந்தேன். அப்படியே இரண்டு மாதம் போயின, இரண்டிலும் டிரிப் போடப் போனேன். டாக்டர் வழக்கம்போல, "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்றார். வாயை அதிகம் திறக்காமல், "இல்ல டாக்டர்" என்றேன். கையில் ஊசி குத்தினார்கள். பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. எலும்பையாவது இது காப்பாற்றும் என்று நினைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதற்கடுத்த வாரம் வீட்டுக்காரர் கரைக்கு வந்திருந்தார். விடியற்காலையில் வந்து, மீனை இறக்கி, ஏலம் முடிந்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மதியம் படுத்திருந்தார். நான் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

"இன்னாமே, வந்ததுலேர்ந்து பாக்கறேன். அந்தாண்ட மூஞ்ச வச்சிகினே பேசற."

"வாய் நாறுது."

"நாத்தத்துலயே பொறந்து வளந்தவன் நானு. ஐஸ் கரைஞ்சுபோன லோடு மேல படுத்துத் தூங்கிகீறேன். இப்புடித் திரும்பு."

திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் மூச்சை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. மார்பு ஏறி, இறங்காமல் அப்படியே நின்றது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா வந்து என் மோவாயைப் பிடித்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் அதே பிடி. வெயில் வாசல்வரை வந்திருந்தும் உள்ளே இருட்டாகத் தெரிந்ததால் டார்ச் அடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னாக்கா?"

"வெள்ளையா கீதுடி."

"பல்லா?"

"இல்ல." டார்ச்சை அணைத்தாள். "எலும்புடி. வெறும் எலும்பு. மேல சதையே இல்ல."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வாய்க்குள் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பல் எப்போது எடுத்தீர்கள், எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். ஒரு கடிதம் எழுதிப் பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பேராசிரியர் மாணவர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். வாயைத் திறந்து வைத்துத் தாடை வலித்ததும் அக்கா, "போதும் சார், அவ வாய் இன்னா ஜூவா" என்றாள். அந்த இடத்திலிருந்து சதையும் எலும்புத் துகளும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், நகரும், நிற்கும். அந்த பிரேக் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

முடிவில் புற்று இல்லை என்று இருந்தது.

டாக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். "இது நோய் இல்லம்மா. நாங்க போட்ட மருந்துதான்" என்றார். "எலும்பைக் கெட்டியாக்கிற மருந்து, எலும்பு தன்னைத் தானே பழுது பார்த்துக்கிறதையும் நிறுத்திடுது. அதுவும் தாடையில. பல் எடுத்த குழியை மூட அந்த எலும்பால முடியல, செத்துப்போச்சு. இந்த மாதிரி வருதுன்னு வெளிநாட்டுல இப்பதான் எழுத ஆரம்பிச்சிருக்காங்க. நான் படிச்சிருக்கேன். பார்க்கிறது இதுதான் முதல் தடவை. டிரிப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க பல்லைப் பார்க்கச் சொல்லியிருக்கணும். நான் சொல்லலை."

ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. நோய் வாய்க்கு வரவில்லை என்பது ஒன்றுதான் காதில் நின்றது. அக்காதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அப்போ அந்த டிரிப்ப நிறுத்திடுவீங்களா?"

"நிறுத்தணும்."

"நிறுத்திட்டா முதுகு?"

டாக்டர் அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். "பார்ப்போம்மா" என்றார்.

அந்த எலும்பை வெட்டி எடுத்தால் புண் இன்னும் பரவும், அதனால் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நாளுக்கு நாலு தடவை மருந்துத் தண்ணீரில் கொப்பளிப்பது, சீழ் வந்தால் மாத்திரை, மாதம் ஒரு தடவை போய்க் காட்டுவது. செத்த எலும்பு தானாகப் பிரிந்து வரும் என்றார்கள். எத்தனை மாதம் என்று சொல்லவில்லை.

அக்கா தினமும் வந்தாள். ஆனால் முன்னைப்போல உட்கார்ந்து கதை பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு நின்றபடியே பார்ப்பாள். சின்ன வயதிலிருந்து வெற்றிலை போடுகிறவள், அவள் வாய் சிவக்காமல் நான் பார்த்ததில்லை. அந்த நாட்களில் வாய் வெளுத்துக் கிடந்தது. கேட்டதற்கு, "உன் வாய் ஆறட்டும், அப்பால போட்டுக்கறேன்" என்றாள். இன்னொரு நாள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள்.

"நாந்தானே உன்ன அங்க இட்டுகினு போனேன். சொம்மா இருந்திருந்தா பல்லு அதும்பாட்டுக்கு ஆடிகினு இருந்திருக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது இருந்தது. அந்தப் பல் டாக்டர் கேட்டார் என்பதும், நான் இல்லை என்றேன் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு இதைப் பற்றித் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் ஒரு வார்த்தை, "உங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கலாம். அந்த வாய்ப்பைக் கொடுக்காதவள் நான். அக்கா தன்மேல் போட்டுக்கொண்டதை நான் இறக்கி வைக்கவில்லை. ஐந்து மாதம் அவளை அப்படியே சுமக்க விட்டேன். இப்போது எழுதும்போது வாயில் இருந்த புண்ணைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒருநாள் அவள் மார்க்கெட்டில் மயங்கி விழுந்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, சோற்றைப் பார்த்தால் தங்கச்சி ஞாபகம் வருகிறது என்றாளாம் பக்கத்துக் கடைக்காரியிடம். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திரை, செருப்பு, மூன்று கேள்வி, மூன்று இல்லை.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"அவங்க டிரிப்பான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இல்லன்னியா?"

"ஆமா."

"இத்தினி மாசமா நான் இங்க செத்துகினு கீறேன், நீ பாத்துகினு இருந்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எய்ந்து வூட்டுக்குப் போ" என்றாள்.

நாலு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். சுறாவை அவித்து உதிர்த்து, இஞ்சி பூண்டு போட்டு, ஒரு முள்கூட இல்லாமல் புட்டு செய்து கொண்டுவந்திருந்தாள். வாய் செக்கச் செவேலென்று இருந்தது. அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அதற்கப்புறம் ஆபீசிலும் சொல்லிவிட்டேன். மறைப்பதற்கு வாய் ஒத்துழைக்கவில்லை என்பதுதான் உண்மை. மேனேஜர் வேலையை விட்டு அனுப்பவில்லை. தபால் பிரிவில் உட்கார வைத்தார். டெலிபோன் போர்டில் மெஷின் வந்தது. அதில் யாரோ ஒரு பெண் பதிவு செய்த குரல் தெளிவாக, "ப"வும் "ம"வும் சுத்தமாக, காலையிலிருந்து மாலைவரை ஒரே மாதிரி பேசியது. பேக்கிங் பிரிவு அம்மா ஒருநாள் என்னிடம் வந்து, "அப்போ எனக்குக் குடுத்த குங்குமம்?" என்று கேட்டார். "அது கோயில் குங்குமம்தாம்மா" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "சரி" என்றார்.

எலும்பு வந்தது பல் எடுத்த பதினான்காம் மாதம். காலையில் கொப்பளித்துத் துப்பியபோது வாஷ்பேசினில் டக்கென்று சத்தம் கேட்டது. பாதாம்பருப்பு அளவில் ஒரு துண்டு, பழுப்பு நிறத்தில், புழு அரித்த மரம் போல ஓட்டை ஓட்டையாக. கையில் எடுத்துப் பார்த்தேன். என் உடம்பில் இருந்தது என்று நம்ப முடியவில்லை. காலம்காலமாக வெளியில் கிடந்த எதையோ போல இருந்தது. வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். காகிதத்தில் மடித்து வைத்தார். மறுமுறை போகும்போது பேராசிரியர் அதை மாணவர்களுக்குக் காட்ட வைத்துக்கொள்ளட்டுமா என்றார். கொடுத்துவிட்டேன். குழி மெல்ல மூடியது. மோவாய் மரத்தது மரத்ததுதான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அதற்கடுத்த வருடம் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கும்போது இடுப்பில் ஒரு மின்னல் வெட்டியது. ஸ்கேனில் இடது இடுப்பெலும்பு காய்ந்த சோளத்தட்டை போல மெலிந்து தெரிந்தது. ரேடியேஷன் கொடுத்தார்கள். பிறகு டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தார். மாதம் ஒன்று வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் முதலில் பல் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான். தாடை மறுபடி திறக்காது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது. போடாவிட்டால் இடுப்பு உடையாது என்றும் உறுதி சொல்ல முடியாது.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"போட்டா தாடைய துன்னுது. போடலன்னா இடுப்ப துன்னுது" என்றார் வீட்டுக்காரர். "இது இன்னா நாயம்?"

அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ நடக்கணும்டி. வாய் போனா நான் கஞ்சி ஊத்துவேன். கால் போனா உன்ன யாரு தூக்கறது? நானே கெயவி."

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் போனோம். வார்டில் புது நர்ஸ், சின்னப் பெண். என் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே, "முன்னாடி இந்த மருந்து எடுத்திருக்கீங்களா, ஏதாவது பிரச்சினை வந்துச்சா?" என்று கேட்டாள். சுற்றிலும் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். நான் தெளிவில்லாத என் பேச்சில், அவளுக்குப் புரியும்வரை, ஒன்றுவிடாமல் சொன்னேன். சில வார்த்தைகளை அக்கா திருப்பிச் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். பாட்டிலைத் தொங்கவிட்டுச் சக்கரத்தைத் திருகிவிட்டாள்.

சில வருடங்கள் ஆகிவிட்டன. இடுப்பு தாங்கிக்கொண்டிருக்கிறது. கைத்தடி வைத்து மார்க்கெட் வரை நடக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தத் தண்ணீர் உள்ளே போகிறது. போன வாரம் வலதுபக்கக் கீழ்ப்பல் ஒன்றில் கூச்சம் தெரிந்தது. வெந்நீர் பட்டால் சுரீரென்கிறது. அன்றே மூவரிடமும் சொல்லிவிட்டேன், வீட்டுக்காரரிடம், அக்காவிடம், டாக்டரிடம். பல்லை யாரும் தொட வேண்டாம், வியாழக்கிழமை வாருங்கள், பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.